பெப்பர்மிண்ட் டப்பா

டப்பாவில் ஒரு மாத்திரை குறைந்தது.

சின்னவள் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு விரல்நுனியால் மறுபடியும் எண்ணினாள். நேற்று அவள் போட்டுக்கொண்டது ஒன்று. குறைந்திருப்பதோ இரண்டு. ராணுவத்தில் சேர வந்தவளுக்கு இந்தக் கணக்குக்கூடவா வராது என்று தன்னையே திட்டிக்கொண்டு இன்னொரு முறை எண்ணினாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. மாத்திரைதான் இல்லை.

மேல்கட்டிலில் நெட்டை புரண்டு படுத்தாள். அவள் உயரத்துக்குக் கட்டில் போதாமல் பாதம் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தேர்வு முகாமுக்கு வந்த அன்றே எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர் அது. இரண்டு பேருக்கு ஓர் இரும்பு அலமாரி. பூட்டுப் போடக் கூடாது என்பது முகாம் விதி. சின்னவளுக்கு அலமாரிக் கூட்டாளி நெட்டை.

மாத்திரையைக் காணவில்லை என்று யாரிடமும் போய்ப் புகார் சொல்ல முடியாது. முகாமைப் பொறுத்தவரை அந்த டப்பாவில் மாத்திரையே கிடையாது. அது பெப்பர்மிண்ட் டப்பா.

யோசனை அக்காவுடையது. அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை. கிளம்புவதற்கு முந்தின நாள் உள்ளங்கையில் இரண்டு வெள்ளை வட்டங்களை வைத்து நீட்டினாள்.

"இதுல எது மிட்டாய், எது மாத்திரை, சொல்லு பாப்போம்."

"தெரியலையே அக்கா."

"வருஷக்கணக்கா முழுங்கற உனக்கே தெரியலை. அவங்களுக்கு எங்கேர்ந்து தெரியப்போகுது? அடியில மாத்திரை, நடுவுல ஒரு காகிதம், மேல மிட்டாய். நாலு நாள்ல மாத்திரையும் பெப்பர்மிண்ட் வாசனை அடிக்கும்."

"மாட்டிக்கிட்டா?"

"தினம் போட்டா மாட்ட மாட்டே. கடைசி நாள் ரத்தம் எடுப்பாங்களாம். ஒழுங்கா போட்டிருந்தா ரத்தத்துல எல்லாம் நல்லபடியாத்தான் காட்டும். விட்டுட்டேன்னு வை, ரத்தமே காட்டிக் குடுத்துடும். முகாம் முடியற வரைக்கும் வர்ற மாதிரி போட்டிருக்கேன். கைதவறி விழுந்தா இருக்கட்டும்னு ஒரு பத்து கூட வச்சிருக்கேன்."

சின்னவளுக்குத் தைராய்டு. கழுத்துக்குள் இருக்கிற அந்தச் சுரப்பி, வேலைக்கு வந்தும் வேலை பார்க்காத ஊழியரைப் போலச் சும்மா உட்கார்ந்திருந்தது. அது தெரியாத காலத்தில் அவள் வகுப்பில் தூங்கினாள், சாப்பிடும்போது தூங்கினாள், மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். வாத்தியார் சோம்பேறி என்றார். அப்பா ஒருமுறை கையையே ஓங்கிவிட்டார். தெருவில் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் நிலைத்தது. கடைசியில் ஒரு டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு ஒன்று. பிறகு அரை மணி நேரத்துக்கு டீகூடக் கூடாது. வைத்தியம் அவ்வளவுதான். ஆனால் ஆயுசு முழுக்க.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள் அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். பிடித்தும்விட்டாள். உள்ளே ஏறி நின்ற பிறகுதான் தனக்கு மூச்சு வாங்கவில்லை என்பது புரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்த கண்டக்டர் ஓர் இடம் காலி செய்து கொடுத்தார்.

அன்று தொடங்கிய ஓட்டம் நிற்கவேயில்லை. தூங்குமூஞ்சி என்று கூப்பிட்ட அத்தனை பேர் எதிரிலும் சீருடை போட்டுக்கொண்டு போய் நிற்க வேண்டும். ராணுவத்தில் சேர இதைவிட உயர்ந்த காரணம் ஏதாவது இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். அவளுக்கு இருந்தது இதுதான். ஆனால் தினமும் மருந்து சாப்பிடுகிறவர்களை ராணுவம் எடுக்காது என்றார்கள். எந்த மாத்திரை அவளை ஓட வைத்ததோ, அந்த மாத்திரைக்காக ஓடாதே என்றார்கள். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? அதனால்தான் டப்பா.

முகாம் வாசலில் பைகளைச் சோதித்தது சார்ஜென்ட் அம்மாள். கனத்த உடம்பு, முழங்கால் வலி, வாயில் எப்போதும் ஒரு விசில். பெண்கள் அவளுக்கு வைத்த பெயரும் விசில்தான். வரிசையில் சின்னவளுக்கு முன்னால் நெட்டை நின்றாள். அவள் பையிலிருந்தும் ஒரு பெப்பர்மிண்ட் டப்பா வந்தது. நல்ல பெரிய டப்பா.

"என்னது இது? ராணுவத்துக்கு வந்தியா, கல்யாணத்துக்கு வந்தியா?" விசில் திறந்து முகர்ந்து பார்த்து, ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "பறிமுதல்."

நெட்டையின் முகம் வெளுத்துவிட்டது. "மேடம், அது எங்கம்மா குடுத்தது மேடம். தயவுசெஞ்சு..."

"உங்கம்மா குடுத்தா நான் சாப்பிடக் கூடாதா? அடுத்து!"

அடுத்து சின்னவள். அவளுடைய டப்பாவைப் பார்த்ததும் விசிலுக்கு எரிச்சல் வந்தது. "இங்கேயும் பெப்பர்மிண்டா? இந்த வருஷம் வர்றவளுக்கெல்லாம் வாய் நாறுதா என்ன?" என்று டப்பாவைப் பைக்குள்ளேயே வீசினாள். ஒன்றைச் சுமக்கும் கைக்கு இன்னொன்று பாரம் போலும்.

உள்ளே ராணுவ டாக்டர் ஒவ்வொருத்தியையும் நிறுத்தி ஒரே கேள்வி கேட்டார். "தினமும் ஏதாவது மருந்து சாப்பிடுறியா?"

"இல்ல மேடம்!" என்றாள் சின்னவள். அறை அதிர்ந்தது.

மாத்திரை போனது எப்படி என்று மறுநாள் விடியலில் தெரிந்துவிட்டது. சின்னவள் தூங்குவது போல் ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தாள். நெட்டை ஓசைப்படாமல் இறங்கினாள், அலமாரியைத் திறந்தாள், டப்பாவிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள், மறுபடி மேலே ஏறிப் படுத்தாள்.

சின்னவளுக்குக் கோபம் வரவில்லை, பரிதாபம்தான் வந்தது. பாவம், அம்மா ஆசையாகக் கொடுத்த மிட்டாயை வாசலிலேயே பிடுங்கிக்கொண்டார்கள். நாக்கு கேட்குமா? ஆனால் மேலே அத்தனை மிட்டாய் இருக்க, காகிதத்தைத் தூக்கி அடியிலிருந்தா எடுக்க வேண்டும்? அதுதான் அவளுக்குப் புரியவில்லை.

பரிதாபத்துக்குப் பின்னால் பயம் வந்தது. இப்படியே போனால் ரத்தம் எடுக்கும் நாளுக்கு முன்பே மாத்திரை தீர்ந்துவிடும். அதோடு நோயில்லாதவள் இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் இதயம் தாறுமாறாக அடித்துக்கொள்ளும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

முதல் வைத்தியமாக, முகாம் கடையில் கொஞ்சம் பெப்பர்மிண்ட் வாங்கி, காகிதத்தை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தாள். இனி எடுப்பவள் கையில் மிட்டாய்தான் அகப்படும்.

அகப்பட்டது சின்னவளுக்கு. மறுநாள் இருட்டில் தன் மாத்திரை எது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒன்றை நாக்கில் வைத்தாள், இனித்தது. இன்னொன்று, அதுவும் இனித்தது. வெறும் வயிற்றில் ஏழெட்டு மிட்டாய் போன பிறகுதான் ஒரு மாத்திரை கிடைத்தது. விடிந்ததும் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தால் நெட்டை சரியாக ஒரு மாத்திரையைப் பொறுக்கி எடுத்திருந்தாள். ஒன்றே ஒன்று. ஒரு மிட்டாயைக்கூடத் தொடவில்லை.

"என்ன ராசிடா சாமி" என்று சின்னவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அடுத்து, கடையிலிருந்து புது டப்பா ஒன்றையே வாங்கி நெட்டையிடம் கொடுத்தாள்.

"எதுக்கு இது?" என்றாள் நெட்டை. அவளுக்கு எதிரே டீ டம்ளர் ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. சூடு தனக்கு ஒத்துக்காது என்று அவள் தினமும் ஆறவைத்துத்தான் குடிப்பாள். அந்த விஷயத்தில் சின்னவளுக்குப் பெரிய நிம்மதி. தான் மட்டும் டீயை ஆறவைத்தால் யாராவது கேட்பார்கள். துணைக்கு ஒருத்தி இருந்தாள்.

"சும்மாதான். உன்னோடதப் பிடுங்கிக்கிட்டாங்கல்ல. இனிமே இதையே சாப்பிடு. இது நல்லா இருக்கும். என்கிட்ட இருக்கறது பழசு, வயித்தக் கெடுக்கும்."

நெட்டை அவளை ஒரு மாதிரி பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "நீ ரொம்ப நல்லவ" என்றாள். அப்புறம் அந்த நல்லவளின் புகழைப் பரப்புவதற்காக, புது டப்பாவை அறை முழுக்க விநியோகம் செய்து காலி செய்தாள். சாயங்காலத்துக்குள் சின்னவளுக்கு மிட்டாய்க்காரி என்று பெயர். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆள் ஆளுக்கு வந்து அலமாரியைத் திறக்க ஆரம்பித்தார்கள்.

வேறு வழியில்லாமல், இருந்த மாத்திரைகளைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்து, தலையணை உறைக்குள் திணித்து, அதன் மேலேயே தலையை வைத்துப் படுத்தாள். மறுநாள் கழிவறைக்குப் போய்த் திரும்பி வந்து முடிச்சை அவிழ்த்தால், ஒன்று குறைந்தது.

தலையணைக்குள்ளேயே கைவிடுகிற அளவுக்கு ஒரு மிட்டாய்ப் பைத்தியத்தை அவள் பிறந்ததிலிருந்து கண்டதில்லை.

இதற்கு நடுவில் விசில் வேறு உயிரை வாங்கினாள். முகாம் தொடங்கியபோது மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே ஓட்டத்தைப் பார்த்தவள், சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்தும் போனவள், இப்போது நாற்காலிப் பக்கமே போவதில்லை. விடிவதற்கு முன்பே வந்து ஊதினாள். பெண்கள் குளிரில் பல் கிட்டி நிற்க, அவள் மேல்கோட்டைக் கழற்றி வீசிவிட்டு வியர்வையைத் துடைத்தாள். ஒரு சுற்று ஓடச் சொன்ன இடத்தில் மூன்று சுற்று. அதில் இரண்டு சுற்று அவளே கூட ஓடினாள். கை நடுங்கி விசில் கீழே விழுந்தால், அதற்கும் பெண்கள்தான் தண்டால் எடுத்தார்கள்.

"முகாம் முடியப்போகுதுல்ல, அதான் முறுக்கிக்கிட்டுத் திரியுது" என்றாள் ஒருத்தி.

"வேகம்! வேகம்!" என்று கத்திக்கொண்டே விசில் பாக்கெட்டிலிருந்து ஒரு பெப்பர்மிண்டை எடுத்து வாயில் எறிந்துகொண்டாள். "இப்போ வர்ற மிட்டாயில காரமே இல்ல. நம்ம காலத்துல ஒண்ணு போட்டா மண்டை வரைக்கும் ஏறும்."

முகாம் முடிய இரண்டு நாள் இருந்தது. நெடுந்தூர ஓட்டத்தில் சின்னவளும் நெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினார்கள். நெட்டைக்கு இது கடைசி வாய்ப்பு. அடுத்த முறைக்கு வயது தாண்டிவிடும். "இதுல தேறலைனா எங்கண்ணன் லாரி ஆபீஸ்ல காலம் பூரா போன் எடுக்கணும்டி" என்று அவள் சொல்லியிருந்தாள். திருப்பத்தில் அவள் சட்டென்று நின்றாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"படபடன்னு அடிச்சுக்குது. காது வரைக்கும் கேக்குது."

அக்கா சொன்னது சின்னவளுக்கு ஞாபகம் வந்தது. பின்னால் ஓடி வந்தவர்களைக் கூப்பிட்டாள். தூக்கிக்கொண்டு மருத்துவ அறைக்கு ஓடினார்கள். டாக்டர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். வாசலுக்கு வந்து விசிலிடம் சொன்னது சின்னவள் காதிலும் விழுந்தது.

"இதயத்துல ஏதோ கோளாறு. ரிஸ்க் எடுக்க முடியாது. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடலாம்."

சின்னவள் வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்றாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நாளை மறுநாள் ரத்தம் கொடுத்துவிட்டு, சீருடைக்கு அளவும் கொடுத்துவிடலாம். மாத்திரையைத் திருடியது அவள். எடுத்துக்கோ என்று சொல்லி நான் கொடுக்கவில்லையே. இப்படியெல்லாம் நியாயம் பேசிப் பார்த்தாள். ஒன்றும் நிற்கவில்லை. இல்லாத சோம்பேறித்தனத்துக்காக வருஷக்கணக்கில் பேச்சு வாங்கியவள் அவள். இல்லாத நோய்க்காக இன்னொருத்தி வீட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. அழுகை வந்தது. அழுதுகொண்டே கதவைத் தட்டினாள்.

"மேடம், அவளுக்கு இதயக் கோளாறு இல்ல மேடம்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நீ டாக்டரா?"

"இல்ல மேடம். நோயாளி."

எல்லாவற்றையும் கொட்டினாள். தைராய்டு, அக்கா, டப்பா, மிட்டாய் ஆசை, தலையணை. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். அறையின் பாதியை மறைத்துத் திரை தொங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் நெட்டை படுத்திருந்தாள்.

"உன் மாத்திரை என்ன அளவு?"

"நூறு மேடம்."

"அப்போ துடிப்புக்குக் காரணம் அதுதான். நிறுத்தினா தானா அடங்கிடும். அவ இருக்கலாம். முதல் நாள் உன்னை என்ன கேட்டேன்?"

"தினம் மருந்து சாப்பிடுறியான்னு."

"நீ இல்லைன்னே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவ்வளவு சத்தமா வேற யாரும் சொல்லலை."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன்னைத் தண்டிக்கறதுக்கு வச்ச விதி இல்லம்மா அது" என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "மலை மேல காவலுக்குப் போடுவாங்க. பனி விழுந்தா வாரக்கணக்குல வண்டி வராது. மாத்திரை தீந்துட்டா என்ன பண்ணுவே? துப்பாக்கியைக் கட்டிப்பிடிச்சுட்டுத் தூங்குவே. உன்னை நம்பிக் கண்ணை மூடினவளோட கதி என்ன ஆகும்?"

"மாத்திரை இல்லாம இருக்கறது எப்படின்னு எனக்குத் தெரியும் மேடம். உங்க எல்லாரையும்விட எனக்குத்தான் நல்லா தெரியும். அதனாலதான் இத்தனை வருஷத்துல ஒரு நாள் விட்டதில்ல. இங்க மத்தவங்க அஞ்சு மணிக்கு விசிலுக்குப் பயந்து எந்திரிக்கிறாங்க. நான் அதுக்கு முன்னாடியே எந்திரிச்சிடறேன். ஓட்டத்துல இன்னிவரைக்கும் நான் யாருக்கும் பின்னாடி வந்ததில்ல. அதையும் கணக்குல எடுத்துக்கக் கூடாதா மேடம்?"

வெளியே மைதானத்திலிருந்து விசில் சத்தம் வீறிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், கொளுத்தும் வெயிலில் சார்ஜென்ட் அம்மாள் பெண்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

"அங்க பாரு" என்றார் டாக்டர். "உனக்கு அம்மா வயசு அவங்களுக்கு. போன வாரம் முழங்கால் வலின்னு இதே நாற்காலியில வந்து முனகினாங்க. இப்போ ஓடுறதைப் பாரு. உக்கார மாட்டேங்கறாங்க, தூங்க மாட்டேங்கறாங்க. மாத்திரை உண்டா, மருந்து உண்டா? ராணுவத்துக்கு வேண்டியது அப்படிப்பட்ட உடம்பு. மனசைத் தேத்திக்கோ. போயி உன் மூட்டையைக் கட்டும்மா."

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தாள். வாழ்க்கையில் அது முதலும் கடைசியுமான சல்யூட் என்று அவள் நினைத்தாள். கதவுப் பக்கம் திரும்பினாள்.

திரை விலகியது. நெட்டை கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள்.

"அவள அனுப்பாதீங்க மேடம். நான் மிட்டாய்னு நினைச்சு எடுக்கலை. நாக்கு நுனியில வச்சுப் பாத்து, இனிக்காததத்தான் எடுத்தேன். அவ டீயை ஆறவைக்கறதப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. எனக்கும் தைராய்டுதான். ஆனா எனக்கு அம்பதுதான் மேடம். இருட்டுல பாதியா உடைக்க வரலை."

சின்னவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். டாக்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"உனக்குமா? அவ மாத்திரையை எதுக்கு எடுத்தே? உன்னோடது எங்கே?"

நெட்டை ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள்.

"வாசல்லயே சார்ஜென்ட் மேடம் பெப்பர்மிண்ட்னு பிடுங்கிக்கிட்டாங்க மேடம். அன்னைலேர்ந்து டப்பாவும் கையுமா அவங்கதான் சாப்பிட்டுட்டு ஓடிட்டிருக்காங்க."